யார் எழுதியது என்று கேட்கக் கூடாது

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வீட்டுக்குப் போன ஒரு கிழவி, படித்து முடித்த பத்திரிகைகளோடு ஒரு ஆண்டு மலரையும் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு மலர். வழவழப்பான தாள், நிறையப் படங்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "1971 நவம்பரில் கடைசி வகுப்பு மாணவியரின் தியான நாட்கள், மேற்பார்வைக்குச் சென்ற துணை ஆசிரியை ஒருவரின் கவனக்குறைவால் இரண்டாம் நாளே தடைப்பட்டன." அவ்வளவுதான். அடுத்த வரியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள்.

துணை ஆசிரியை ஒருவராம். கட்டடக் குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, மரம் நட்டவருக்குப் பெயர் இருக்கிறது, பள்ளி நாய்க்குக்கூடப் படத்தின் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள். ஏழு வருடம் அந்தப் பள்ளியில் வேதியியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. அவர் பெயர் டாக்டர் வேதவல்லி கிருஷ்ணமூர்த்தி. இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்தப் பெயரை எங்கேயாவது ஒரு தாளில் போட்டு வைக்கத்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது, "இவள் சபைக்கு விரோதி, அதனால்தான் இப்படி எழுதுகிறாள்" என்று கிளம்பிவிடுவார்கள். நான் சாந்தா. தூத்துக்குடிக்காரி. ஞானஸ்நானப் பெயர் பிலோமினா. 1966-இல் கன்னியர் மடம் ஒன்றின் மூலமாக நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறவிட்டதில்லை. தபசு காலத்தில் வெள்ளிக்கிழமை கறி தொடுவதில்லை. நான் படித்ததும் கன்னியர் பள்ளியில்தான். எங்களுக்கும் வருடத்துக்கு ஒரு முறை ஞான ஒடுக்கம் உண்டு, மூன்று நாள் மௌனமும் உண்டு. ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வார்த்தை பேசாமலே கஞ்சியும் கம்பளியும் வந்து சேர்ந்துவிடும். மௌனம் என்றால் கண்ணையும் மூடிக்கொள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வேதாக்காவை நான் முதலில் பார்த்தது 1967-இல், ஆஹெனில் படிக்கும் இந்திய மாணவர்கள் நடத்திய ஒரு பொங்கல் கூட்டத்தில். ஒல்லியாக, கறுப்புக் கோட்டுக்குக் கீழே நூல் புடவையும், அதற்கும் கீழே ஆண்கள் போடுகிற பூட்ஸுமாக, பொங்கலைக் கிளற ஆள் இல்லாத பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கும்பகோணம் பக்கம். சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்து, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த கணவரோடு இங்கே வந்து, அவரைவிட ஒரு வருடம் முன்னதாகவே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டவர். அதை அவர் சொல்லமாட்டார். கிருஷ்ணமூர்த்தி சார்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருடங்களில் ஜெர்மனியில் கணக்குக்கும் வேதியியலுக்கும் ஆசிரியர் கிடைக்காமல் பள்ளிக்கூடங்கள் திண்டாடின. இல்லாவிட்டால் கன்னியர் பள்ளியில் பொட்டு வைத்த ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்கு இடம் ஏது? வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அடுத்த வருடம் நிரந்தரம் செய்கிறோம் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் லியோபா ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். பெண்கள் வேதாக்காவுக்கு "லிட்மஸ்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். காலையில் அவர் நெற்றியைப் பார்ப்பார்களாம். கறுப்புப் பொட்டு என்றால் சாதாரண நாள், சிவப்புப் பொட்டு என்றால் தேர்வு. அவருக்கும் அது தெரியும். சில நாள் வேண்டுமென்றே சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு போய், தேர்வு எதுவும் வைக்காமல் திரும்பி வருவார்.

ஒவ்வொரு நவம்பரிலும் கடைசி வகுப்புப் பெண்களை ஐஃபல் மலைப் பக்கம் உள்ள ஒரு தியான இல்லத்துக்கு மூன்று நாள் கூட்டிப் போவார்கள். மற்றப் பள்ளிகளில் அதற்குள் கிட்டார், வட்டமாக உட்கார்ந்து விவாதம் என்றெல்லாம் வந்துவிட்டன. இந்தப் பள்ளியில் மட்டும் பழைய வழக்கம். பேருந்திலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கண்காணிக்க ஓர் ஆசிரியை போக வேண்டும். நடையில் நின்று கிசுகிசுப்பு வருகிறதா என்று கேட்பது, தலைகளை எண்ணுவது, விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது. ஜெர்மன் ஆசிரியைகள் யாருக்கும் இந்த வேலை வேண்டாம். அப்போது யாருக்கோ அருமையான யோசனை வந்தது. வேதவல்லி அம்மாள் இந்து, அவருக்குத் தியானம் செய்யும் கடமை இல்லை, ஆகவே காவல் காக்க அவர்தான் பொருத்தமானவர். நான் இதைக் கேட்டதும் கொதித்துப் போனேன். அவர் சிரித்தார்.

காவலுக்குப் போனவர் வெறும் காவலாளியாக இருந்திருக்கலாம். அவர் அதை மௌன விரதமாகவே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் வாயை மூடியிருக்க நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பது மரியாதையா என்று கேட்பார். அந்த இல்லத்துக் கன்னியர் அடுப்படியில் நின்று பக்கத்து ஊர்க் கல்யாணங்களை அலசிக்கொண்டிருக்கும்போது, இவர் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையால் காட்டி வாங்கிக்கொள்வாராம். தேவாலயத்துக்குள் போகும்போது பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, நவம்பர் குளிரில் கல் தரையில் காலுறையோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. இவருக்குக் காலில் ஏதோ நோய் என்று தியானம் கொடுக்க வரும் பாதர் எங்கெல்பெர்ட் நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசக் கூடாது என்பதால் பெண்கள் மனதில் உள்ள கேள்விகளைச் சீட்டில் எழுதி, தேவாலய வாசலில் வைத்த பெட்டியில் போடுவார்கள். ஊதாக் காகிதம் ஒட்டிய அட்டைப் பெட்டி. தினமும் மாலை நான்கரை மணிக்குப் பாதர் அதைத் திறந்து பதில் சொல்வார். போடப்பட்ட எந்தச் சீட்டையும் ஒதுக்காமல் உரக்க வாசிக்க வேண்டும். சீட்டில் பெயர் எழுதக் கூடாது. யார் எழுதியது என்று யாரும், பாதர் உட்பட, கேட்கக் கூடாது. இந்த விதிகளை எழுதியவரே பாதர் எங்கெல்பெர்ட்தான். அதில் அவருக்குப் பெருமை. பெண்கள் மனம் திறப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பார்.

நல்ல வழிதான். மனதைத் திறப்பதற்கு.

1971-இல் அந்த வகுப்பில் ரோஸ்விதா என்று ஒரு பெண். மலைக் கிராமத்து விவசாயியின் மகள். அவர்கள் குடும்பத்தில் பள்ளி இறுதித் தேர்வு வரை வந்த முதல் ஆள். வரிசையில் நில் என்றால், மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டிருக்கிற ரகம். திங்கட்கிழமை மத்தியானம், தியான இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்திலேயே அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. யாரிடம் சொல்வது? பேசக் கூடாது. எழுந்து போய் இல்லத்துச் சிஸ்டரின் கையைப் பிடிக்கலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. கேள்வி இருந்தால் சீட்டில் எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை அவள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, மாலை நான்கரை மணி வரை காத்திருந்தாள். பதினெட்டு வயசுப் பெண்ணை இந்த அளவுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாலையில் பாதர் பெட்டியைத் திறந்தார். நான்காவது சீட்டு அவளுடையது. அவருக்கு நல்ல குரல், நிதானமாக வாசிப்பார். "எனக்கு நேற்று முதல் வயிற்றில் வலது பக்கம் வலிக்கிறது. இன்று நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?" இதில் புரியாதது என்ன இருக்கிறது? எங்கள் வார்டில் தரை துடைக்க வரும் அம்மாளிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தால் அவளே துடைப்பத்தைப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடுவாள். பாதர் சீட்டை மடித்து வைத்தார். எழுதியவரின் நேர்மையைப் பாராட்டினார். பிறகு உடல் வேதனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் அது வரமாகிவிடும் என்றார். அர்ச்சிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், பட்ட பாடுகளைச் சொன்னார். சிலுவையில் முடித்தார். கடைசி பெஞ்சில் இருந்த வேதாக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதினோரு நிமிஷம். பேச்சு முடிந்ததும், இதை எழுதியவள் வெளியே வந்து சிஸ்டரைப் பார்க்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் காத்திருந்தார். பாதர் அடுத்த சீட்டை எடுத்தார். கால்சட்டை போட்டுக்கொண்டு பூசைக்கு வருவது பாவமா என்று யாரோ கேட்டிருந்தாள்.

அப்போதுதான் வேதாக்கா எழுந்து நின்றார். ஐந்து வருடமாக அந்த இல்லத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், தேவாலயத்துக்குள் நின்று, வகுப்பில் கேட்கிற குரலில், யாருக்கு வலிக்கிறது என்று கேட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பாதர் கோபப்படவில்லை, டாக்டரம்மா என்று ஜெர்மன் வழக்கப்படி மரியாதையாக விளித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"ஃப்ராவ் டாக்டர், யார் எழுதியது என்று இங்கே கேட்பதில்லை."

"எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு வலிக்கிறது என்று கேட்கிறேன்."

ஒரு கையும் எழவில்லை. அவளாகவே கை தூக்கியிருக்கலாமே என்று பின்னால் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதியது யார் என்று தெரியக் கூடாது என்பது விதி. ரோஸ்விதா விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வேதாக்கா பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் போய், பாதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றார். ஆய்வுக்கூடத்தில் தீ விபத்து ஒத்திகைக்குச் சொல்கிற அதே உத்தரவு. லிட்மஸ் சொன்னால் எழுந்துதான் ஆக வேண்டும். இருபத்து மூன்று பேர் நேராக நின்றார்கள். ஒருத்தி முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து அப்படியே வளைந்து நின்றாள். நெற்றி கொதித்தது.

வேதாக்கா ஓட்டி வந்திருந்த கிருஷ்ணமூர்த்தி சாரின் பழைய ஃபோக்ஸ்வாகன் கார் வெளியே நின்றது. மலைப் பாதையில் பனிமூட்டம். பாதரிடமோ இல்லத் தலைவியிடமோ அனுமதி கேட்காமல் பெண்ணைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, தன் கோட்டால் போர்த்தி, ஆஹெனுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அன்று மாலை வேலை. ஆறேகால் மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வேதாக்கா, கோட்டு இல்லாமல், ஈரக் காலுறையோடு நிற்கிறார். பூட்ஸ் தேவாலய வாசலிலேயே கிடக்கிறது. அதை மாட்டிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் காலோடு நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்.

குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. வயிறு முழுக்கச் சீழ். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் தனக்கு இங்கே வேலையே இருந்திருக்காது என்று அறுவை டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். நான் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னபோது வேதாக்கா அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்யானமே அவ சூப்பைத் தொடலை, சாந்தா. பார்த்தேன். பேசப்படாதேன்னு சும்மா இருந்துட்டேன். அவாளுக்கு மௌனம் சரி. எனக்கென்ன மௌனம்? நான் காவக்காரி."

நீங்கள்தானே அக்கா காப்பாற்றினீர்கள் என்று நான் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. சிஸ்டர் லியோபா முதலில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசை மேல் வைத்தாராம். பூட்ஸ். அதற்குப் பிறகு தட்டச்சு செய்த ஒரு தாள். வேதாக்கா கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். மேற்பார்வையில் தான் கவனக்குறைவாக இருந்ததாகவும், கத்தோலிக்க வழக்கங்கள் தெரியாததால் தேவாலயத்தில் தியானத்தைக் குலைத்துவிட்டதாகவும், தலைமையின் அனுமதி இல்லாமல் மாணவியை அழைத்துச் சென்றதற்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. சீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பதினோரு நிமிஷத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பாதர் எங்கெல்பெர்ட் என்று ஒருவர் அந்த இடத்தில் இருந்ததாகவே தெரியவில்லை. இதில் கையெழுத்தானால் வரும் கோடையில் வேலையை நிரந்தரமாக்குவதில் தடை எதுவும் இருக்காது என்று சிஸ்டர் அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பாதர் மீது இருக்கிற கோபத்தைவிட சிஸ்டர் லியோபா மீது கோபம் அதிகம். பாதருக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாமலே கிழவராகிவிட்ட மனிதர். சிஸ்டருக்கு எல்லாம் புரிந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்து ரோஸ்விதாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். டாக்டர் சொன்னதை என் கண் முன்னால் நின்று கேட்டவர். கேட்டுவிட்டுப் போய்த்தான் அந்தத் தாளைத் தட்டச்சு செய்தார்.

அன்று மாலை நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். கிருஷ்ணமூர்த்தி சார் நல்ல மனிதர், ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். "ஒரு ஸிக்னேச்சர்தானே, வேதா. போட்டுட்டு வந்துடு. பர்மனென்ட் ஆகற டயத்துல எதுக்கு வம்பு?" என்றார். வேதாக்கா எழுந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கையாலேயே ஜெர்மனில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். திங்கட்கிழமை மத்தியானம் மாணவி சாப்பிடாததைப் பார்த்தும் மௌனத்தைக் கலைக்காமல் இருந்தது என் தவறு. செவ்வாய்க்கிழமை மாலை சீட்டு வாசிக்கப்பட்டதும் எழுந்திருக்காமல் பதினோரு நிமிஷம் காத்திருந்தது என் தவறு. மௌனத்தை ஒரு நாள் முன்னதாகவே கலைத்திருக்க வேண்டும். கீழே முழுப் பெயர், டாக்டர் பட்டத்தோடு.

கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டார். ஆனால் எதில் கவனக்குறைவு என்பதை அவர்களைச் சொல்ல விடவில்லை, தானே சொன்னார். சிஸ்டர் லியோபா படித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்டது இது இல்லையே என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். இவர் அதை வாங்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு, பூட்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மார்ச் மாதம் கடிதம் வந்தது. ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்படாது. காரணம் எழுதவில்லை. வருட ஒப்பந்தத்துக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.

அந்தத் தபசு காலத்தில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, ஒரு குருவானவர் மீதும் ஒரு கன்னியாஸ்திரி மீதும் கோபமாக இருக்கிறேன் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பொறுமைக்காக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். பெரிய பாவத்துக்கெல்லாம் முணுமுணுக்காமல் பரிகாரம் செய்திருக்கிறேன். அந்த மூன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் நன்றி சொல்ல வந்தார். ரோஸ்விதாவின் அப்பா. சேறு படிந்த காலணியோடு வேதாக்கா வீட்டு வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, தன் கையால் புகை போட்ட முழுப் பன்றித் தொடை ஒன்றை நீட்டியிருக்கிறார். முட்டைகூடத் தொடாத வேதாக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் தலை மறைந்ததும் எனக்கு ஃபோன். நான் போய் அதை எடுத்து வருகிறவரை கிருஷ்ணமூர்த்தி சார் சமையலறைப் பக்கமே போகவில்லையாம். எங்கள் நர்ஸ் விடுதியில் நாங்கள் மூன்று வாரம் சாப்பிட்டோம்.

வேதாக்காவுக்குக் கம்பளித் துணி ஆலை ஒன்றின் சாயப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கத் துணித் துண்டுகளைத் தோய்த்து, வெயிலிலும் சோப்பிலும் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் படிப்புக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், சாந்தா, அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பள்ளியைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. பொட்டு மட்டும் எப்போதும் கறுப்பாகிவிட்டது. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

ரோஸ்விதா எட்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதனால் இறுதித் தேர்வு எழுத முடியாமல் அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்க வேண்டியதாயிற்று. அதாவது 1972 நவம்பரில் அவள் இரண்டாம் முறையாக அதே தியான இல்லத்துக்குப் போனாள். அதே பாதர், அதே ஊதாப் பெட்டி, அதே விதிகள். யாரும் ஒன்றையும் மாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. காவலுக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் சிஸ்டர் லியோபாவே போயிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதாக்கா என் அறைக்குச் சாப்பிட வந்திருந்தார். எலுமிச்சை சாதமும் அப்பளமும் செய்திருந்தேன். கதவைத் தட்டியது ரோஸ்விதா. என்னைப் பார்க்கத்தான் அவ்வப்போது வருவாள். உள்ளே வேதாக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வகுப்பில் நிற்பதுபோல நேராக நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லி ஒரு தட்டைக் கொடுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை நான்கரை மணிக்குப் பாதர் பெட்டியைத் திறந்திருக்கிறார். முதல் சீட்டு: "எனக்கு நேற்று முதல் வயிற்றில் வலது பக்கம் வலிக்கிறது. இன்று நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?" வாசித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாராம். அதைத் தனியே வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதிலும் அதே மூன்று வாக்கியம், வேறு கையெழுத்து. மூன்றாவதிலும் அதேதான். எந்தச் சீட்டையும் ஒதுக்காமல் உரக்க வாசிக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி, அதனால் வாசித்துக்கொண்டே இருந்தார். ஏழாவது சீட்டில் குரல் இறங்கிவிட்டது. பாதி தாண்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் சிஸ்டர் லியோபா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மொத்தம் எத்தனை சீட்டு என்று வேதாக்கா கேட்டார். இருபத்தாறு என்றாள் ரோஸ்விதா. வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டார். அதுவும் இருபத்தாறுதான். வேதாக்கா அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

கடைசிச் சீட்டையும் வாசித்த பிறகு பாதர் எங்கெல்பெர்ட் வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களைப் பார்த்தாராம். போன வருடம் ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தபோது கேட்காத கேள்வியை அப்போது கேட்டார். யார் எழுதியது?

"நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க?" என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

ரோஸ்விதா என்னைப் பார்க்கவில்லை. வேதாக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒன்றும் சொல்லவில்லை, ஃப்ராவ் டாக்டர். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே."